கூரை இல்லாத பிரசவ அறை

இன்று பலேர்மோவின் பல்லாரோ சந்தையில் தக்காளி வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கடை ஆபிரிக்கப் பெண் ஷியா வெண்ணெய்ப் பேணி ஒன்றைத் திறந்தாள். புகையும் வறுத்த கொட்டையும் கலந்த அந்த மணம். பையை நிலத்தில் வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். நான் பார்த்துக்கொள்ளும் இத்தாலியக் கிழவி சிஞ்ஞோராவை நாள் முழுக்கத் தூக்கி இருத்திய முதுகு ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்தது. நீ கண்ணை மூடி இன்னும் நாலு மாதம்கூட ஆகவில்லை.

அந்த மணம் எனக்கு மேற்கு ஆபிரிக்காவில், டோகோ நாட்டின் வடக்கில் இருக்கும் அந்தச் செம்மண் ஊர்தான். அங்கே ஒரு பிரசவ அறை கட்ட ஓகஸ்ட் விடுமுறையில் யார் வருவீர்கள் என்று எங்கள் கோயில் பாதர் பூசை முடிவில் கேட்டார். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். வருடம் முழுக்க அடுத்தவர் வீடு துடைக்கிறோம், கிடைக்கிற லீவிலும் சும்மா வேலையா என்று. எனக்கும் அதே எண்ணம்தான். நீ மட்டும் என் காதுக்குள், "இடம்பெயர்ந்து முகாமில இருக்கேக்க எங்களுக்கும் ஆரோ தெரியாத சனம்தானே வந்து கொட்டில் போட்டுத் தந்தது" என்றாய். பிறகு என்னைக் கேட்காமலே என் பெயரையும் கொடுத்துவிட்டாய்.

மன்னாரில் நீ மருத்துவிச்சி. பலேர்மோவில் அந்தப் படிப்பு செல்லவில்லை. இங்கே கிழவிகளைக் குளிப்பாட்டினாய், சமைத்தாய், படிக்கட்டுத் துடைத்தாய். பழைய தொழிலைப் பற்றி நீ கதைப்பதேயில்லை.

அந்த ஊரில் நாங்கள் கல் சுமந்தோம், சீமெந்து குழைத்தோம். சுவர்கள் எழும்பிவிட்டன, கூரை மட்டும் பாக்கி. ஒரு நாள் மத்தியானம், வலி கண்ட பியாலோ என்ற பெண்ணை ஒரு கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையை மழை அறுத்திருந்தது. அவளுடைய கணவன் முன்பு இத்தாலியில் தோடம்பழம் பிடுங்கிவிட்டு ஊர் திரும்பியவன். உங்களில் யாருக்காவது பிரசவம் பார்க்கத் தெரியுமா என்று அவன் இத்தாலிய மொழியில் கேட்டான். நீ கையைக் கழுவப் போனாய்.

சுவர்களுக்கு மேலே தறப்பாளை இழுத்துக் கட்டினோம். பியாலோவின் தலை என் மடியில். பிள்ளை கழுத்தில் கொடி சுற்றியபடி பிறந்தது, அழவில்லை. நீ அதன் வாயில் வாய் வைத்து ஊதினாய். ஊதிக்கொண்டே இருந்தாய். கடைசியில் நான்தான் உன் தோளைத் தொட்டேன். நீ பிள்ளையைத் துணியில் சுற்றித் தாயின் கையில் கொடுத்துவிட்டு, அவளுடைய இரத்தப்போக்கை நிறுத்தத் திரும்பினாய். அவளாவது தப்பிவிட்டாள்.

பின்னேரம் சுவரில் சாய்ந்து இருந்த உன்னிடம் பியாலோவின் மாமி வந்தாள். உன் கைகளைக் கழுவி, முழங்கை வரை அந்த வெண்ணெயைத் தடவிவிட்டாள். என்னால் இனி ஏலாது, திரும்பிப் போவோம் என்று நான் சொன்னேன்.

"தாய் இருக்கிறாள்," என்றாய். "நாளைக்குக் கூரையைப் போடுவம்."

போட்டோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓகஸ்டும் நீ போனாய். மற்றவர்கள் மன்னாருக்குப் பறந்தார்கள். போதும் அம்மா என்று உன் மகள் சண்டை பிடித்தாள். களைப்பாக இருக்கிறது என்று சொல்லி நான் இங்கேயே நின்றுகொண்டேன், அது பொய்யில்லை. அந்த அறையில் பியாலோவுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. அரசாங்கத் தாதி வந்தாள், போனாள், வேறொருத்தி வரவில்லை. தாதி கேட்டு நீ அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாய். ஒவ்வொரு செப்டெம்பரும் இன்னும் மெலிந்து திரும்பி வந்தாய். அலைச்சல் என்று நினைத்தோம். வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது எல்லாம் பிந்திவிட்டது.

உன் அடக்கத்தன்று எனக்கு அழுகை வரவில்லை. கதிரை அடுக்கினேன், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன், அடுத்த நாள் வேலைக்குப் போனேன்.

கொஞ்ச நாள் கழித்து உன் மகள் உன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். மறுமுனையில் பியாலோவின் கணவன். நீ போய்விட்ட விஷயத்தைச் சொன்னேன். அவன் தங்கள் மொழியில் அவளுக்குச் சொல்வது கேட்டது. பிறகு அவன் மெதுவாக, பியாலோ திரும்பவும் பிள்ளைத்தாச்சி, அறை பூட்டிக் கிடக்கிறது, இனி யார் வருவார்கள் என்று கேட்கிறாள் என்றான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. செத்தவளைக்கூட விடமாட்டார்களா என்று. ஆனால் வாயில் வந்தது வேறு. "நான் வாறன்," என்றேன், தமிழில். அவனுக்கு விளங்கவில்லை. இத்தாலிய மொழியில் திரும்பச் சொன்னேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் உனக்காக அழுதேன்.

முதுகு வலி குறையவில்லை. உன்னைப் போல எனக்கு அந்த ஊரில் ஆசையும் இல்லை. தாதி கேட்டு எந்தக் கதவைத் தட்டுவது, தட்டினால் யார் திறப்பார்கள், ஒன்றும் தெரியாது. பிரசவம் பார்க்க நிச்சயமாகத் தெரியாது. பியாலோவுக்கு நாள் நெருங்கும்போது பக்கத்தில் இருப்பேன், அவ்வளவுதான். சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டுவிட்டேன்.