ஆடியில் அழைத்துப் போங்கள்

ஆரணி
2.9.1998

அன்புள்ள மாமாவுக்கு,

தர்மாம்பாள் எழுதிக்கொள்வது. அம்மா, அப்பா, வாசலில் கட்டியிருக்கும் ஆடு உட்பட இங்கே எல்லோரும் சௌக்கியம். நான் சௌக்கியமா இல்லையா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். அதை முடிவு செய்கிற அதிகாரம் உங்கள் வீட்டில்தானே இருக்கிறது.

புதுப்பெண்ணை ஆடி மாதம் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். ஆடி முடிந்ததும் புருஷன் வந்து அழைத்துப்போவதும் வழக்கம்தான். ஆவணி பாதி போய்விட்டது. "மாப்பிள்ளைக்கு ஃபாக்டரில லீவு கெடைக்கல" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பூனாவில் உங்கள் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ராப்பகலாகக் குண்டு செய்கிறார்கள், ஏதோ சண்டை வரப்போகிறது என்று எதிர்வீட்டுக்காரர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

என்னை ரயிலேற்றும்போது அத்தை என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? "ஒரு மாசம் பிரிஞ்சி இருந்தா ஏக்கம் வந்துடும். ஏக்கம் வந்தா எல்லாம் தானா சரியாப்பூடும்." எனக்கு ஏக்கம் கல்யாணமான நாளிலிருந்தே இருக்கிறது மாமா. ஆசையோடுதான் பக்கத்தில் வருகிறேன். நீங்கள் சேர வரும்போது உடம்பு இறுகிக்கொள்கிறது. பிளேடால் கீறுகிற மாதிரி வலிக்கிறது. நான் அழுதபோதெல்லாம் நீங்கள் விலகி என் தலையைத் தடவிக்கொடுத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

எப்போது வருகிறீர்கள்?

உங்கள்
தர்மா


கட்கி
16.9.1998

அன்புள்ள தர்மாவுக்கு ஜம்பு எழுதியது.

உன் இன்லேண்டை நான் டூட்டியில் இருந்தபோது அம்மா பிரித்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாததால் பக்கத்து குவார்ட்டர்ஸ் ரமா அக்காவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அக்கா பாதியில் நிறுத்திவிட்டாராம். அப்புறம் என்ன, லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. கேன்டீனில் தலை நிமிர முடியவில்லை. இனிமேல் இந்த விஷயத்தைக் காகிதத்தில் எழுதாதே.

படவேட்டுப் பக்கம் ஒரு பூசாரி நன்றாகப் பார்க்கிறாராம். அம்மா விசாரித்துவிட்டு உன்னிடம் சொல்லச் சொன்னாள். போய் வா. எல்லாம் சரியானதும் எழுது, ஃபாக்டரியில் நாலு நாள் சுட்டி போட்டுவிட்டு வந்து கூட்டிவருகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

சரியாகிவிட்டதா என்று மட்டும் எழுது.

ஜம்பு


ஆரணி
28.9.1998

மாமாவுக்கு,

சரியானதும் எழுது என்கிறீர்கள். ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸியா நான்?

பூசாரியிடம் போனேன். வேப்பிலையால் அடித்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, "யாரு நீ? பேரச் சொல்லு!" என்று கத்தினார். "தர்மாம்பாள், பத்தாவது பாஸ்" என்றேன். அம்மா தொடையில் கிள்ளிவிட்டாள்.

இங்கே ஒரு லேடி டாக்டரையும் பார்த்தேன். "எல்லாம் நார்மல்மா, மனச ரிலாக்ஸா வெச்சிக்கோ" என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். எல்லாம் நார்மல் என்றால் எனக்கு வலிப்பது எதனால் என்று கேட்டதற்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

கேன்டீனில் உங்களுக்குத் தலை நிமிர முடியவில்லையாம். என் கட்டிலில் நடந்ததை அத்தையிடம் முதலில் சொன்னது யார் மாமா? எனக்கு அவமானம் இல்லை, கோபம்தான். அழைத்துப்போக ஆள் வரும்வரை காத்திருப்பது வழக்கம். நான் காத்திருக்கப் போவதில்லை.

தர்மாம்பாள்


ஏரவாடா, பூனா
11.11.1998

அன்புள்ள மாமாவுக்கு,

மேலே இருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து மயங்கி விழாதீர்கள். அரக்கோணத்தில் மும்பை மெயில் ஏறித் தனியாக வந்துவிட்டேன். கட்கியில் என்னோடு தையல் வகுப்புக்கு வந்த செல்வமேரியின் வீட்டில் இருக்கிறேன். அவள் கடையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறேன். வீட்டு முகவரிக்குப் போட்டால் ரமா அக்காவுக்குத் தொண்டை வறளும் என்பதால் இதை உங்கள் ஃபாக்டரிக்கே அனுப்புகிறேன்.

செல்வமேரி என்னை அம்ருதா என்ற மராத்தி டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனாள். முதல் நாள் அவர் என்னைத் தொடக்கூட இல்லை, கேள்விகள்தான் கேட்டார். "எங்கே படுப்பீர்கள்?" ஒரே அறை, நடுவில் சேலை கட்டி மறைப்பு, அந்தப் பக்கம் மாமியார் என்றேன். "தாழ்ப்பாள்?" கதவு இருந்தால்தானே தாழ்ப்பாள் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று கேட்டார். சித்தி சொன்னதைச் சொன்னேன்: "உசிரு போற மாதிரி வலிக்கும், பல்லக் கடிச்சிக்கோ." கடித்துக்கொண்டேன். பல்லைக் கடித்தால் உடம்பும் சேர்ந்து கடித்துக்கொள்ளும் என்று அந்தச் சித்திக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இதற்குப் பெயர் இருக்கிறது மாமா. வெஜைனிஸ்மஸ். பிறப்புறுப்பின் வாசலைச் சுற்றியிருக்கும் தசைகள் பயத்தில் தானாகவே இறுகிக்கொள்கின்றன. நாம் சொல்லி இறுகுவதில்லை, நாம் அதட்டினால் தளர்வதுமில்லை. கண்ணருகே விரல் வந்தால் இமை மூடிக்கொள்கிறதே, அப்படித்தான். இமை மூடியதற்காகக் கண்ணை யாராவது ஆடிக்கு அனுப்பிவைப்பார்களா?

"துமாரி கல்தி நஹி" என்றார் டாக்டரம்மா. உன் தப்பில்லை. கல்யாணமான இத்தனை நாளில் இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். இது எத்தனையோ பெண்களுக்கு வருகிறது, வைத்தியம் இருக்கிறது, நன்றாகவே குணமாகும் என்றார்.

நான் கட்கிக்கு வரமாட்டேன். அனுப்பியது நீங்கள், அழைக்கவும் நீங்களேதான் வர வேண்டும்.

தர்மா


கட்கி
20.11.1998

தர்மாவுக்கு,

நீ பூனாவிலேயே இருக்கிறாயா? ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு தபால் போடுகிறாயே, நாலு பேர் கேட்டால் நான் என்ன சொல்ல? மார்க்கெட்டில் உன்னைப் பார்த்ததாக யாரோ சொல்ல, அம்மா ஒரே அழுகை. போளூரில் ஒரு பெண் இருக்கிறதாம். நீ விலகிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டால் உன் சீரெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறாள். காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அவள் வைக்கச் சொன்னாள், வைத்தேன். எனக்கு இஷ்டமில்லை.

டாக்டர் என்ன சொல்கிறார்? சரியாகிவிட்டதா?

ஜம்பு


ஏரவாடா
24.2.1999

அன்புள்ள மாமாவுக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் கோபம். அந்தக் காகிதம் உபயோகப்பட்டது. அதன் பின்பக்கத்தில் ஒரு பையனுக்குக் கால்சட்டை அளவு குறித்துக்கொண்டேன். "தாம்பத்தியத்துக்குத் தகுதியற்றவள்" என்று அதில் எழுதியிருந்தது. யார் எழுதிக்கொடுத்த தமிழ் அது? நான் கையெழுத்துப் போடமாட்டேன். விலக வேண்டுமென்று எனக்குத் தோன்றினால் சொந்த வார்த்தையில் எழுதி விலகிக்கொள்வேன்.

இப்போது வைத்தியத்தைக் கேளுங்கள். முதலில் அந்தத் தசையை இறுக்கவும் தளர்த்தவும் பழகினேன். மூச்சை வயிறுவரை இழுத்து நிதானமாக விட வேண்டும். பிறகு என் விரல். என் உடம்பு எப்படி இருக்கிறது என்று கண்ணாடி வைத்துப் பார்த்தேன். புருஷனுக்கும் பூசாரிக்கும் டாக்டருக்கும் காட்டியாகிவிட்டது, எனக்குத்தான் யாரும் காட்டவில்லை. இப்போது வழவழப்பான குழாய்கள் கொடுத்திருக்கிறார்கள், சுண்டுவிரல் பருமனிலிருந்து படிப்படியாகப் பெரியது. நானேதான் வைத்துக்கொள்கிறேன். வலித்தால் நிறுத்துகிறேன். மறுநாள் மறுபடியும் ஆரம்பிக்கிறேன். சில நாள் வெறுத்துப்போய்க் குழாயை மூலையில் எறிந்திருக்கிறேன். செல்வமேரி எடுத்துக் கழுவித் தருவாள்.

முதல் குழாய் வலிக்காமல் போன அன்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்த ஆசை வந்ததில்தான் உங்கள் மேல் இன்னும் பிரியம் இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

வரும் புதன்கிழமை டாக்டரம்மா உங்களைப் பார்க்க வேண்டுமாம். வந்தால் வாருங்கள். அத்தை வேண்டாம்.

தர்மா


கட்கி
30.6.1999

அன்புள்ள தர்மா,

அந்தப் புதன்கிழமை டாக்டரம்மா படம் போட்டு விளக்கியபோது எனக்கு வேர்த்துக் கொட்டியதே, அதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறாயாமே. சிரி. அதற்கப்புறம் உன்னோடு வந்த புதன்கிழமைகளில்தான் எனக்கும் புத்தி வந்தது. உனக்கு வலிக்கிறது என்பதை நான் எனக்கு நேர்ந்த அவமானமாக நினைத்துக்கொண்டேன். யாரிடமாவது அழ வேண்டியிருந்தது, அம்மாவிடம் அழுதேன். தப்புதான்.

முக்கால்வாசி குணம் என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு அம்மாவும் இறங்கிவந்துவிட்டாள். ஆடி பிறப்பதற்குள் நீ வந்துவிட வேண்டுமாம். தப்பினால் ஆவணிதான். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை பிறந்து குடும்பத்துக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியாததா? அம்மாவின் அண்ணன் பெரிய மாமனை அனுப்பிவைக்கிறேன், அவரோடு வந்துவிடு.

ஜம்பு


ஏரவாடா
5.7.1999

அன்புள்ள மாமாவுக்கு,

பெரிய மாமன் வந்தார். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அத்தை இறங்கி வந்தது எனக்காகவா, முக்கால்வாசிக்காகவா? பூனை மாதிரி என்னை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டீர்கள், நானே திரும்பி வந்தேன். இப்போது குணமாகிறேன் என்றதும் பால் காட்டிக் கூப்பிடுகிறீர்கள். நான் குணமாவது எனக்காக. தண்ணீர்த் தொட்டியில் கால் விட்டுக்கொண்டு பாட்டுப் பாடுகிற அளவுக்கு என் உடம்பு எனக்குப் பிடித்துப்போயிருக்கிறது. அதைப் பேரம் பேசமாட்டேன்.

நான் வருகிறேன். ஆனால் ஆடிக்கு முன்னாலும் இல்லை, ஆவணியிலும் இல்லை. ஆடி ஒன்றாம் தேதி வருகிறேன். ஊரெல்லாம் பெண்டாட்டியை அனுப்புகிற அன்று நீங்கள் வந்து என்னை அழைத்துப் போங்கள், நீங்களே. கதவுள்ள அறை வேண்டும். அங்கே நான் போதும் என்றால் போதும். நம் கட்டிலில் நடப்பது நம்மைத் தாண்டிப் போகக்கூடாது. சரியாகிவிட்டதா என்ற கேள்வியை இனிமேல் கேட்கக்கூடாது. முடியாதென்றால் அதையும் எழுதிவிடுங்கள். எனக்குத் தையல் இருக்கிறது, பிழைத்துக்கொள்வேன். அழுவேன், ஆனால் பிழைத்துக்கொள்வேன்.

தர்மா


கட்கி
11.7.1999

தர்மா,

ஆடி ஒன்று சனிக்கிழமை. சுட்டி எழுதிக் கொடுத்துவிட்டேன். "ஆடில எவனாச்சும் பொண்டாட்டிய இட்டாருவானா?" என்று மேஸ்திரி சிரித்தார். "நான் இட்டாருவேன்" என்றேன். கேன்டீனே திரும்பிப் பார்த்தது. தலை நிமிர்ந்துதான் சாப்பிட்டேன்.

பக்கத்தில் போபோடியில் ஒற்றை அறைக் கோலி ஒன்று வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். சின்னதுதான், மழைக்கு ஒரு மூலை ஒழுகுகிறது. அம்மா குவார்ட்டர்ஸிலேயே இருக்கட்டும், நான் தினமும் போய்ப் பார்த்துக்கொள்வேன். அவள் என்னோடு பேசி நாலைந்து நாளாகிறது. கோலியின் கதவில் உள்தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது. ஃபாக்டரியிலிருந்து வரும் வழியில் புதிதாக வாங்கி நானே பொருத்தினேன். நன்றாக விழுகிறது.

சனிக்கிழமை காலையில் வருகிறேன்.

ஜம்பு


(தபால் கார்டு, கட்கி குவார்ட்டர்ஸ் முகவரிக்கு)

ஏரவாடா
13.7.1999

அன்புள்ள அத்தைக்கு,

எனக்கு வந்தது பேய் இல்லை, திமிரும் இல்லை. அது ஒரு நோய். பெயர் வெஜைனிஸ்மஸ். வைத்தியம் செய்துகொண்டேன், பெரும்பாலும் குணமாகிவிட்டது. மீதி வைத்தியம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்ய வேண்டியது. சனிக்கிழமை என் புருஷன் என்னை அழைத்துப்போகிறார்.

இதில் மூடி ஒட்ட எதுவும் இல்லை என்பதால் கார்டிலேயே எழுதுகிறேன். தபால்காரர் படித்தாலும் சரி, அவர் வீட்டில் யாருக்காவது உதவும். அத்தை, ரமா அக்காவைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இந்த முறை பாதியில் நிறுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
ஜ. தர்மாம்பாள்