ஒரு நிறை, மூன்று குறை

இந்த மடலில் சொல்ல நினைப்பவை:

1. உன் மகள் கொடுத்த துண்டுச்சீட்டு.
2. நம் சனிக்கிழமைக் கூட்டத்தின் விதி.
3. உன் கவிதைக்கு நான் எழுதிய மூன்றாவது குறை.
4. அதைக் கேட்ட பிறகு நீ கவிதை எழுதுவதையே விட்டது.

"நம்பர் போடாம உனக்குப் பேசவே வராதாடா?" என்று கேட்பாய். இப்போதும் வரவில்லை.

உன் காரியம் முடிந்த மறுவாரம் உன் மகள் ஓசூரிலிருந்து வந்தாள். "அப்பா பொட்டியில இருந்துச்சுங்க மாமா. பின்னாடி உங்க பேரு இருக்குது" என்று ஒரு சீட்டை நீட்டினாள். பழுப்பேறிய தாள். முன்பக்கம் என் கையெழுத்தில் ஒரு நிறை, மூன்று குறை. பின்பக்கம் உன் கையெழுத்தில் என் பெயர். சீட்டு எழுதியவர் யாரென்று தெரியக் கூடாது என்பதல்லவா விதி? நீ எப்போது கண்டுபிடித்தாய்? அன்றேயா, பிறகா? தெரிந்துகொண்டே இத்தனை வருஷம் என்னோடு பழகினாயா?

ஐம்பதுகளின் நடுவில், கிருஷ்ணகிரியில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தோம். சனிக்கிழமை பிற்பகல் கவிதைக் கூட்டம். பெயரில்லாமல் பெட்டியில் போட்ட கவிதைகளைச் செயலாளர் தன் கையால் படியெடுத்து ஆளுக்கு ஒன்று தருவார். படிப்பவர் ஒரு நிறையும் மூன்று குறையும் எழுத வேண்டும். ஒன்று குறைந்தாலும் சீட்டு செல்லாது. பிறகு சீட்டுகள் எல்லாவற்றையும் அவரே உரக்கப் படித்து மேசையில் போட்டுவிடுவார்; வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு வந்த கவிதை, மழை பொய்த்த வருஷத்தில் மாட்டை விற்றுவிட்டு வெறும் கயிற்றோடு காட்டு வழியில் வீடு திரும்புகிறவனைப் பற்றியது. எனக்குப் பிடித்திருந்தது. தேடித் தேடிப் பார்த்தும் இரண்டு குறைதான் அகப்பட்டது. மணி அடித்துவிடுமோ என்ற பயத்தில், முந்தைய வாரம் யாரோ யாருக்கோ எழுதியிருந்த வரியை அப்படியே போட்டேன்: வேறு மொழியில் நினைத்துத் தமிழில் எழுதியதுபோல இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவே இல்லை.

செயலாளர் அதைப் படித்ததும் பின்வரிசையில் ஒருவன், "மைசூர் மாட்டுக்குத் தமிழ்ப் புல்லு போட்டா இப்படித்தான்" என்றான். எல்லோரும் உன் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். அஞ்செட்டிக்காரன், வீட்டில் கன்னடம் பேசுகிறவன், வகுப்பில் நீ ஒருவன்தான். நீயும் சிரித்தாய். யாருடைய கவிதை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த வாரம் நீ எதுவும் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "அதெல்லாம் நாகரசம்பட்டி மாந்தோப்புல நெழல்ல உக்காந்திருக்கிறவனுக்குடா. நமக்கெதுக்கு?" என்றாய். நாகரசம்பட்டி என் ஊர் என்பதால் சும்மா சொன்னாயா, என் சீட்டு என்று தெரிந்துதான் சொன்னாயா? அன்று கேட்கத் தைரியமில்லை. பிறகு இருவரும் வேலைக்குப் போனோம், பேரன் பேத்தி எடுத்தோம். நீ கவிதை பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இதுவரை எழுதிவிட்டு, மன்னிப்பை எந்தச் சொல்லில் கேட்பது என்று தெரியாமல் மூன்று நாள் மூடி வைத்திருந்தேன். நேற்று உன் மகளுக்குப் போன் செய்து, "அப்பா எழுதறத விட்டதுக்கு நான்தாம்மா காரணம்" என்று சொல்லிவிட்டேன்.

"எங்கீங்க விட்டாரு? கன்னடத்துல அஞ்சு நோட்டு எழுதி வச்சிருக்காரே. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது என்றேன். ஒன்று படிக்கச் சொன்னேன். படித்தாள். எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. ஆனாலும் போனைக் காதைவிட்டு எடுக்கவில்லை. முடிந்ததும் அர்த்தம் கேட்டேன்.

"தமிழ்ல சொன்னா நல்லா வராதுங்க மாமா."

அந்தச் சீட்டை நீ கோபத்தில் வைத்திருந்தாயா, வேறு எதற்காகவோ வைத்திருந்தாயா? தமிழிலிருந்து உன்னைத் துரத்தியவன் நானா? நான் எழுதாவிட்டாலும் நீ கன்னடத்துக்குத்தான் போயிருப்பாயா? எதற்கு மன்னிப்புக் கேட்பது என்றே இப்போது குழப்பமாக இருக்கிறது. உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்றுதான். இந்த மடலின் தொடக்கத்தில் நான்காவதாகப் போட்டது தவறு. நீ விடவில்லை. அதை அடித்துவிட்டேன், அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.