மேசை இல்லாதவள்

ஜனவரி 17, செவ்வாய்

மழை. நூலகத்தின் பின்னறையில் ஏழு நாற்காலிகள், வட்டமாக. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மதக் கூட்டத்தை விட்டு வந்தவர்கள். விட்டு வந்தது மட்டும்தான் பொது. வட்டத்தை நடத்தும் ஹால்வார் வழக்கம்போல வலப்பக்கத்திலிருந்து தொடங்கினார். "இந்த வாரம் அவங்களோட பேசினீங்களா?"

இல்லை. இல்லை. இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் மெதுவாகக் கைதட்டல்.

நானும் இல்லை என்றேன். எனக்கும் தட்டினார்கள். ஹெல்லோய் தீவிலிருந்து பெர்கன் நகரத்துக்கு வந்து மூன்று வருடம். அம்மா ஒருமுறைகூடப் பேச முயன்றதில்லை. எதையும் நான் மறுக்கவில்லை. கைதட்டல் சும்மா கிடைக்கிறது.

வெளியே வந்து குடையை விரித்தபடி, வட்டத்தில் என் தோழி சுன்னிவா சொன்னாள்: "நம்ம ரெண்டு பேருக்கும் பதக்கமே குடுக்கணும்டி. யாரும் நம்மளக் கூப்பிடாத சாதனைக்கு."


ஜனவரி 19, வியாழன்

பல்கலைக்கழகத்தில் என் ஆய்வேட்டின் முதல் கேள்வி: மதம் எது, கல்ட் எனப்படும் மூடிய குழு எது.

நான் எழுதியிருந்த பதில்: வயது. வழிகாட்டி ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், "அப்போ இருநூறு வருஷம் பொறுமையா இருந்தாப் போதுமா?"

காப்பி அறையில் இதைச் சொன்னபோது ஒருவன், "வருஷம் எதுக்கு? பெரிய சர்ச் மாதிரி கூரையில செம்புத் தகடு இருந்தா மதம். தகரம்னா கல்ட்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தீவில் எங்கள் ஜெபக் கூடத்துக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் ஜெபம் காதில் விழாது. அவனுக்கு அது தெரியாது.

நானும் சிரித்தேன். சரியான இடத்தில்தான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.


ஜனவரி 22, ஞாயிறு

தூங்கினேன்.


ஜனவரி 27, வெள்ளி

அம்மாவிடமிருந்து கடிதம். மூன்று வருடத்தில் முதல் முறை. ஐந்து வரி.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை. பெர்கன் ஆஸ்பத்திரியில். ஒரு வாரமாவது படுக்க வேண்டியிருக்கும். நான்காம் மாடி, கிழக்குப் பக்கம். உனக்குத் தெரிவித்துவிட்டேன்.

வா என்று இல்லை. வராதே என்றும் இல்லை. அம்மா ஒரு சொல்லைக்கூடத் தவறி எழுதுபவள் அல்ல.

கடிதத்தை மேசைமேல் வைத்தேன். அதன் பக்கத்திலேயே ரொட்டி சாப்பிட்டேன்.


ஜனவரி 31, செவ்வாய்

வட்டத்தில் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ? ஆனால் சொல்வதற்குத்தான் அந்த அறை.

ஹால்வார் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். அப்புறம் மிக மென்மையாக, "பாரு தூர்டிஸ், இது தூண்டில். நோவு வந்தா நம்ம மனசு இளகும்னு அவங்களுக்குத் தெரியும். ஒருத்தர் போனா மத்தவங்களும் சறுக்குவாங்க. உனக்காகத்தான் சொல்றோம்."

"எங்கம்மா எனக்கு மூணு தடவை செத்துட்டா" என்றாள் சுன்னிவா. "மூணாவது தடவை நான் அழுதுகிட்டே ஓடினேன். அடுப்புல மீன் சூப் கிண்டிக்கிட்டு நிக்கிறா. 'வந்துட்டியா, உப்பு பாரு'ங்கிறா."

எல்லோரும் சிரித்தார்கள். ஹால்வாரும். சிரிப்பு அடங்கியதும், "வாயால சொல்லிடு. சொன்னாத்தான் பலம்" என்றார்.

போக மாட்டேன் என்றேன். கைதட்டல்.

உனக்காகத்தான் சொல்கிறோம். இதே வாக்கியத்தை இதற்கு முன் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அப்போது தகரக் கூரையில் மழை.


பிப்ரவரி 9, வியாழன்

படிப்பறை. ஜன்னலிலிருந்து ஆஸ்பத்திரியின் நான்காம் மாடி தெரிகிறது. கிழக்குப் பக்கம் தெரியாது. நாற்பது பக்கம் படித்தேன். எதைப் பற்றி என்று கேட்டால் சொல்ல முடியாது.


பிப்ரவரி 12, ஞாயிறு

தீவில் எனக்கு மேசை பிரித்ததைப் பற்றி நான் எங்கும் எழுதியதில்லை. ஆய்வேட்டிலும் இல்லை.

மேசை பிரித்தது, படிக்கப் போகிறேன் என்றதற்காக அல்ல. கூடத்தில் எழுந்து நின்று, இனி வரமாட்டேன் என்றதற்காக. எங்கள் ஆட்கள் தங்களை வீட்டார் என்று சொல்லிக்கொள்வார்கள். மற்ற எல்லோரும் வெளியார். வெளியாரோடு பேசலாம், ஒரே படகில் போகலாம். வீட்டாராக இருந்து வெளியாரானவரோடு மட்டும் ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. மூத்த சகோதரர் ஆமுண் குரலை உயர்த்தவே இல்லை. "இன்னையிலேர்ந்து இவளுக்கு மேசை இல்ல. உனக்காகத்தான் சொல்றோம், மகளே."

பெர்கனுக்குக் கிளம்ப ஆறு வாரம் இருந்தது. ஆறு வாரமும் என் தட்டு சமையலறை ஜன்னல் விளிம்பில். கடலைப் பார்த்து நின்றபடி சாப்பிட்டேன். அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். முதுகுக்குப் பின்னால் அம்மாவின் கரண்டிச் சத்தம்.

இன்று ஒன்று ஞாபகம் வந்தது. அந்த ஆறு வாரமும் முதல் தட்டு எனக்குத்தான் வந்தது. தனக்குப் போட்டுக்கொள்வதற்கு முன். ஆவி எழுந்து ஜன்னல் கண்ணாடி மங்கிவிடும்.

அப்போது அதைக் கவனித்தேனா? கவனித்திருந்தால்?


பிப்ரவரி 14, செவ்வாய்

வட்டத்துக்குக் கிளம்பினேன். டிராமிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்னாடியே இறங்கிவிட்டேன். முடிவு எடுத்ததாக நினைவில்லை.

நான்காம் மாடி, கிழக்கு. அம்மா படுக்கையில் சாய்ந்திருந்தாள். தலைமுடி வெளுத்துவிட்டது. மற்றபடி அப்படியே.

"ஈரமா வந்திருக்க" என்றாள்.

"மழைம்மா."

"மழைன்னு தெரியுது. கோட்டைக் கழட்டிக் காய வை."

காய வைத்தேன். படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன். "வீட்டுல ஆடு எண்ணிக்கையே குறைஞ்சுபோச்சு, இவ வலியப் பத்திக் கேக்குறா" என்றாள். பேச்சில்லாமல் இருக்க எங்கள் இருவருக்குமே தெரியும்.

நாலு மணிக்குச் சாப்பாடு வந்தது. நர்ஸ் ஒரு சின்னப் பெண். சக்கரம் வைத்த மேசையைப் படுக்கைக்குக் குறுக்கே உருட்டினாள். அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"அதத் தள்ளிடும்மா."

"அப்புறம் எதுல வச்சுச் சாப்பிடுவீங்க?"

"மடியில."

"கொட்டிடுமே. புதுப் போர்வை வேற."

"ஐம்பத்தெட்டு வருஷமா சாப்பிடுறேன். கொட்டாது."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தட்டை அம்மாவின் மடியில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு மீன் கட்லெட், அவித்த உருளைக்கிழங்கு, கேரட். அம்மா கண்ணை மூடி ஜெபம் செய்தாள். நீண்ட ஜெபம். பிறகு கட்லெட் ஒன்றை முள்கரண்டியால் தட்டின் என் பக்கத்துக்குத் தள்ளினாள்.

நான் எடுக்கவில்லை.

"என்ன பாக்குற?"

"அம்மா. விதி."

"விதி மேசைக்குத்தான். இதுக்குக் கால் இருக்கா? கால் இல்லாதது மேசை இல்ல. தட்டு."

"ஆமுண் கேட்டா?"

"கேட்டா தட்டுன்னு சொல்லுவேன். நான் பொய் சொல்றவ இல்ல." கொஞ்சம் மென்றுவிட்டு, குரல் மாறாமல், "நீ திரும்பி வராம உன்ன என் மேசையில உட்கார வைக்க மாட்டேன். அதுல மாத்தமில்ல."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. உருளைக்கிழங்கு ஆறுது."

சாப்பிட்டேன். ஆஸ்பத்திரிச் சாப்பாடு, உப்பே இல்லை. ஒரே தட்டு. முழங்கை இடித்தது. அம்மா நகரவில்லை.


பிப்ரவரி 15, புதன்

ஏதாவது தோன்றும் என்று காலையிலிருந்து காத்திருக்கிறேன். தோன்றவில்லை. வயிறு மட்டும் நிறைந்திருக்கிறது, நேற்றுச் சாப்பிட்டது இன்னும் இருப்பதுபோல.


பிப்ரவரி 21, செவ்வாய்

"அவங்களோட பேசினீங்களா?"

பேசினேன் என்றேன். சாப்பிடவும் செய்தேன் என்றேன். தட்டைப் பற்றியும் சொன்னேன். ஏன் சொன்னேன்? நானும் பொய் சொல்றவ இல்ல, அதனாலயா?

யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஹால்வாரின் கண் கலங்கியிருந்தது, நிஜமாகவே. "அந்தத் தட்டுதான் தூர்டிஸ் உனக்குப் புரியலை. கருணை மாதிரி இருக்கும். அதுதான் அவங்க கயிறு."

இருக்கலாம். அவர் சொல்வது தப்பென்று என்னால் நிரூபிக்க முடியாது.

மூன்று மாதம் இடைவெளி எடுத்துக்கொள் என்றார். தண்டனை இல்லை, எல்லோருடைய பாதுகாப்புக்கும். அதுவரை யாரும் எனக்குப் போன் செய்ய வேண்டாம். சம்மதமா என்று மற்றவர்களைக் கேட்டார். ஐந்து பேரும் தலையசைத்தார்கள். சுன்னிவா தன் ஷூவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"என்னால போன் பண்ணாதவங்க நிறைய பேர் இருக்காங்க" என்றேன். வேடிக்கையாகச் சொன்னதுதான். வாக்கியமே சரியாக வரவில்லை.

என் நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்தேன். கதவை மூடும்போது மற்ற ஆறு நாற்காலிகளும் நெருங்கி நகரும் சத்தம்.


பிப்ரவரி 27, திங்கள்

கைப்பேசிக் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஹால்வார் எடுத்தார் என்று அதில் ஒரு வரி, சாம்பல் நிறத்தில்.


மார்ச் 3, வெள்ளி

டிராமில் சுன்னிவா ஏறினாள். என்னைப் பார்த்தாள். பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்து, அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். கழுத்துவரை சிவந்துபோயிருந்தது. அவளுக்குச் சரியாகச் செய்யத் தெரியவில்லை. எங்கள் தீவில் ஏழு வயசுப் பிள்ளைகூட இதை நன்றாகச் செய்யும்.

கோபம் வரவில்லை. வரணும்ல? வரல.


மார்ச் 9, வியாழன்

ஆய்வேட்டில் புதிதாக ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். விதி எல்லாக் கூட்டத்திலும் உண்டு, அந்த விதியின் கீழே ஒருவர் கையை நுழைக்க இடம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று. ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "இதை எப்படி அளப்பாய்? கையை நுழைத்தது விதியா, அந்த ஆளா?"

பத்தியை எடுத்துவிட்டேன். மறுபடி சேர்த்தேன். எடுத்துவிட்டேன்.


மார்ச் 18, சனி

அம்மாவின் கடிதம். நான்கு வரி. ஊன்றுகோலோடு நடக்கிறாள். முப்பதாம் தேதி பெர்கனில் மறுபரிசோதனை, பதினொரு மணிக்கு முடிந்துவிடும். திரும்பிப் போகும் படகு மாலை ஐந்துக்குத்தான்.

கடைசி வரி: உன் அறையில் என்னென்ன சாமான் இருக்கிறது?


மார்ச் 28, செவ்வாய்

என் அறையில் ஒரே ஒரு மேசைதான். அதில்தான் சாப்பாடு, அதில்தான் ஆய்வேடு. யாருக்காவது வேண்டுமானால் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று நேற்று இணையத்தில் படம் போட்டேன். இன்று மத்தியானம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவன் மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் தட்டிப் பார்த்தான்.

"இதுல என்ன கோளாறு?"

"ஒன்னுமில்ல."

"அப்புறம் ஏன் சும்மா குடுக்கிறீங்க?"

"அம்மா வர்றாங்க" என்றேன்.

புரிந்ததுபோலத் தலையசைத்தான். மனைவி ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, படியில் இறக்கிக்கொண்டு போனார்கள்.

பெரிய தட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன், விளிம்பு வைத்தது. அறையில் இப்போது நிறைய இடம். இந்த நாட்குறிப்பை ஜன்னல் விளிம்பில் வைத்து, நின்றபடி எழுதுகிறேன். உயரம் சரியாக இருக்கிறது.