நொச்சித் தொட்டியும் வெள்ளிக்கிழமைத் தண்ணீரும்

3.11 திங்கள்

காலையில் தூறல். 6.10க்கு விட்டது. காளவாசல் ரோடு முழுக்கச் சேறு. பால், அரைக்கீரை, முத்துவுக்கு இளநீர் இரண்டு.

வளைகாப்பு முடிந்து மகள் முத்து இங்கே வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். ஏழாம் மாதம். தலைப்பிரசவம் நம் வீட்டில்தான் என்று என் வீட்டுக்காரி செல்வி படுக்கையில் கிடந்தபோதும் சொன்னாள். அப்போது முத்துவுக்கு மாப்பிள்ளைகூடப் பார்த்திருக்கவில்லை. அம்புட்டு அவசரம் அவளுக்கு. போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது.

பிரச்சினை கொசு. முத்துவின் கணுக்கால் இரண்டும் தடிப்புத் தடிப்பாக. டாக்டரம்மா சொன்னது: "டெங்கு சீசன். கடிக்காமப் பாத்துக்கங்க." சுருள் கொளுத்தினால் முத்துவுக்குக் குமட்டுகிறது. பிளக்கில் மாட்டுவது தலைவலி. ஆக, இயற்கை முறைதான் கதி.

மா. 4.00. எழுமலையிலிருந்து சம்பந்தியம்மா போன்.

"என்னண்ணே, புள்ள காலெல்லாம் கொசுக்கடிங்குறா? பொம்பள இல்லாத வீடு, நான் அப்பவே சொன்னேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை வாரேன். சரிப்படலைன்னா கையோட கூட்டிட்டுப் போறேன்."

பத்து நாள் கெடு.

4.11 செவ்வாய்

வெயில். புழுக்கம்.

செல்வி என்ன செய்தாள் என்று உட்கார்ந்து யோசித்தேன். ரிட்டையர் ஆகும்வரை முப்பது வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு ஸ்டாண்டுக்குள் நுழைந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டில் தினமும் மாலை 5.45க்கு என்ன நடந்தது என்று உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் இருந்த நாளில் அரைகுறையாகக் கண்டதுதான்.

கண்டது:
- மண் தூபக்கால். கங்கு.
- காய்ந்த நொச்சி ஒரு கை. வேப்பிலை அரைக் கை.
- சாம்பிராணி இரண்டு கல். மூன்றா?
- கட்டிலுக்கு அடியில் குனிவாள். வளையல் சத்தம்.

அந்த வாசனை என் காக்கிச் சட்டையில் ஏறிவிடும். கண்டக்டர் பயல்கள் விடமாட்டான்கள். "என்னண்ணே, கோயில்ல இருந்து நேரா டியூட்டிக்கா?" எனக்கு எரிச்சலாக வரும். வீட்டுக்கு வந்து அவளிடம் கத்தியிருக்கிறேன். இப்போது பீரோவில் இருக்கும் அந்தச் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அந்துருண்டை வாசனைதான் வந்தது.

மா. 5.45. மூட்டம் போட்டேன். 5.50. முத்து இருமி இருமிக் கண்ணெல்லாம் தண்ணீர். "அப்பா! கொசு போகுதோ இல்லையோ, நான் போயிருவேன்." வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தேன். கர்ப்பிணிக்குப் புகை ஆகாது என்பதுகூடத் தெரியாத மடையன். முத்து வயிற்றில் இருந்தபோது செல்வி என்ன செய்தாள்? தெரியாது.

6.11 வியாழன்

சிம்மக்கல் போனேன், 8.20 டவுன் பஸ். நாட்டு மருந்துக் கடையில் வேப்பெண்ணெய், கிராம்பு. கொசுவலை பெரியது ஒன்று.

வரும்போது பழைய சந்துக்குள் தலையைக் காட்டினேன். கல்யாணமான புதிதில் நாங்கள் இருந்த ஒற்றை அறை, மாடியில். இப்போது அங்கே பிளாஸ்டிக் சாமான் கிடங்கு. வைகையில் தண்ணீர் தேங்கிவிட்டால் அந்த அறையில் கொசு மொய்க்கும். மின்விசிறி கிடையாது. என் டிரிப் ஷீட் அட்டையால் செல்வி விசிறுவாள். "உங்களுக்கு நூறு, எனக்கு நூறு" என்று எண்ணிக்கொண்டே. என் நூறு முடிவதற்குள் நான் தூங்கிவிடுவேன். அவளுக்கு யார் விசிறினார்கள் என்று இன்றைக்குத்தான், அந்தச் சந்தில், பைக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டுக்கொண்டேன். அழுகை வந்தது. மூக்கைச் சிந்திவிட்டுப் பஸ் ஏறினேன்.

மா. எலுமிச்சையை இரண்டாக வெட்டிக் கிராம்பு குத்தி ஜன்னலில் வைத்தேன். பார்க்க லட்சணம். ஒரு கொசு அதன் மேலேயே உட்கார்ந்து இளைப்பாறியது.

8.11 சனி

மேகமூட்டம். செக்கப்.

வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து வைத்திருந்தேன். முத்து முகர்ந்துவிட்டு, "நான் என்ன புண்ணாக்கா?" என்றாள். ஆஸ்பத்திரி நர்ஸும், "அதெல்லாம் இப்பத் தடவாதீங்கய்யா. வலை கட்டுங்க, பாவாடை கால் மூடி இருக்கட்டும்" என்றது. எண்ணெய் என் காலுக்கு. வேலை செய்கிறது. மனிதர்களும் கிட்டே வருவதில்லை.

வலை கட்டியாயிற்று. ஆனால் முத்து நாள் முழுக்க வலைக்குள்ளேயே இருப்பாளா? பகலில்தான் அதிகம் கடிக்கிறது.

எனக்கு நம்பிக்கை செடிகள்மேல்தான். முத்து வருவதற்கு முன்பே நர்சரியில் சொல்லி வாங்கி வைத்தவை. நொச்சி 2, துளசி 2, எலுமிச்சைப்புல் 1. அவள் கட்டிலை ஒட்டிய பால்கனியில் வரிசையாக. தரை கறையாகக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் அடியில் தட்டு. தினமும் காலை 6.30க்குத் தண்ணீர். செடி நன்றாகப் பிடித்துவிட்டது. கொசு ஏன் கூடுகிறது?

11.11 செவ்வாய்

வெயில். எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

10.15க்கு மாநகராட்சியில் இருந்து, கொசுப்புழு இருக்கிறதா என்று தொட்டி பார்க்கும் பெண் வந்தது. மீனா என்று பெயர். நாலைந்து வருடமாக இந்தத் தெருவுக்கு வருகிறதாம். நான் இதுவரை முகம் பார்த்ததில்லை, டியூட்டியில் இருந்திருப்பேன். தண்ணீர் டிரம், ஃபிரிட்ஜ் பின்பக்கம், மொட்டைமாடி எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தது. பிறகு பால்கனி.

நான் பெருமையாக, "எல்லாம் கொசுவ வெரட்டுற செடிம்மா" என்றேன்.

அந்தப் பெண் குனிந்து நொச்சித் தொட்டியை லேசாகச் சாய்த்தது. அடித்தட்டில் வெளிச்சம் அடித்தது. ஒரு விரல் ஆழம் தண்ணீர். உள்ளே நெளிநெளியாகப் புழு. அடுத்த தட்டிலும். ஐந்திலும்.

"அண்ணே, செடி கொசுவ வெரட்டுதோ என்னமோ, நீங்க நல்லா வளக்குறீக."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. பிள்ளைத்தாய்ச்சியின் தலைமாட்டில் நானே தண்ணீர் ஊற்றி, நேரம் தவறாமல் 6.30க்கு, வளர்த்திருக்கிறேன்.

தட்டுகளைக் கவிழ்த்துவிட்டுப் போகும்போது அந்தப் பெண் சொன்னது: "முந்தி இந்த வீட்டுல ஒரு அக்கா இருந்தாகள்ல? வெள்ளிக்கிழமை வந்தா டிரம்ம உருட்டி, தேய்ச்சு, காயப் போட்டுருவாக. இந்தத் தெருவுல ஒரு புழு எடுக்காத வீடு இதுதான். டீயும் குடுப்பாக."

நான் டீ கொடுக்கவில்லை.

மா. 6.00. முத்துவுக்கு உடம்பு சுடுகிறது. 100.4.

12.11 புதன்

மழை. கா. 7.00 ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் மாலை என்றார்கள். மாப்பிள்ளைக்குச் சொல்லியாயிற்று. சம்பந்தியம்மாவுக்கு இன்னும் இல்லை.

காத்திருக்கும் நேரத்தில் வேறென்ன நினைப்பு ஓடும்? வெள்ளிக்கிழமைதான். காலை ஷிப்ட் முடித்து 2.30க்கு வேர்த்து விறுவிறுத்து வருவேன். டிரம் காலி. வாசலெல்லாம் ஈரம். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஊரில்! "எம்புட்டுத் தண்ணிய வீணாக்குற?" எத்தனை வெள்ளிக்கிழமை கத்தியிருப்பேன்? அவள் திருப்பிக் கத்தவே மாட்டாள். "உங்களுக்குத் தெரியாது, போங்க" என்பாள். குளியலறையில் ஒரே ஒரு வாளி நிறைந்து, மேலே தாம்பாளத்தால் மூடி இருக்கும். எனக்கு. அதில் குளித்துவிட்டு மறுபடி கத்துவேன்.

சாயங்காலப் புகை என் கண்ணில் பட்டது, மூக்கில் ஏறியது. அதனால் எல்லாம் புகையால் நடந்தது என்று நம்பிவிட்டேன். காலையில் அவள் முதுகு வலிக்கத் தேய்த்ததை நான் பார்க்கவே இல்லை.

மா. 5.45. ரிசல்ட். டெங்கு இல்லை. சாதாரணக் காய்ச்சல். ஆஸ்பத்திரி வாசலில் நின்று செல்வியைக் கும்பிட்டேன். காவலாளி என்னை ஒருமாதிரி பார்த்தான்.

13.11 வியாழன்

மழை இல்லை. முத்துவுக்குக் காய்ச்சல் விட்டது. கஞ்சி குடித்தாள்.

11.40. சம்பந்தியம்மா வந்தது. முருங்கைக்கீரை, அவரைக்காய், முறுக்கு டப்பா. கூடவே முத்துவின் துணி வைக்கக் காலிப் பை ஒன்று.

சொல்லாமல் மறைத்திருக்கலாம். தட்டெல்லாம் கழுவியாயிற்று, யாருக்குத் தெரியும். ஆனால் முப்பது வருடம் வண்டி லேட் என்றால் லேட் என்றே எழுதியவன். பால்கனிக்குக் கூட்டிப்போய்க் காட்டி, நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"என்னண்ணே இது! வயித்துப் புள்ளக்காரிய வச்சுக்கிட்டு! படிச்ச மனுசன்!" சத்தம் எதிர்வீடு வரை. நியாயம்தான். நின்று வாங்கிக்கொண்டேன்.

முத்து எழுந்து வந்து பையை எடுத்து மடித்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "அத்தை, நான் எங்கயும் வரல. அம்மா ஆசப்பட்ட எடம் இது. அப்பாவுக்குத் தெரியாதுதான். இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல?"

சம்பந்தியம்மா தான் கொண்டுவந்த டப்பாவைத் திறந்தது. முறுக்கை நொறுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு, "எங்க வீட்டு மாட்டுத் தொட்டியில தவளையே கெடக்கு. அங்க கூட்டிட்டுப் போயி மட்டும் என்னத்தக் கிழிச்சேன்" என்றது. "கெடக்கட்டும் இங்கனயே. ஆனா அண்ணே, வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம போன் போடுவேன். கழுவியாச்சான்னு கேப்பேன்."

"போடுங்கம்மா."

3.15 பஸ்சுக்குக் கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். வண்டி 3.22க்குத்தான் வந்தது.

14.11 வெள்ளி

நல்ல வெயில். கா. 6.00 ஆரம்பம்.

- நொச்சி இரண்டும் கேட்டுக்குப் பக்கத்தில் மண்ணில் நட்டாயிற்று. தட்டு கிடையாது.
- துளசி, புல்: தொட்டியிலேயே. அடியில் செங்கல் இரண்டு.
- ஃபிரிட்ஜ் பின்தட்டு. ச்சீ.
- மீனா வந்தால் டீ.

கடைசியில் டிரம். இம்புட்டுக் கனமா? அவள் ஒற்றை ஆளாக எப்படி உருட்டினாள்? சாய்த்து, உள்ளே தலையை விட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. உள்ளே விளிம்புக்குக் கீழே, கை எட்டும் ஆழத்தில், சுற்றிலும் நார் தேய்ந்த கோடு. அவள் கை எட்டிய ஆழம். என் கைக்கு இன்னும் ஒரு சாண் உள்ளே எட்டுகிறது.

சாய்ப்பதற்கு முன்பே ஒரு வாளி பிடித்துத் தாம்பாளத்தால் மூடிக் குளியலறையில் வைத்துவிட்டேன், முத்துவுக்கு. மிச்சத்தையும் கழுவிய தண்ணீரையும் சேர்த்து வாசலில் கொட்டினேன். தெரு வரை ஓடியது.

முத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். "அப்பா! எம்புட்டுத் தண்ணிய வீணாக்குறீங்க!"

"உனக்குத் தெரியாது, போ" என்றேன்.