பக்கத்து வீட்டு மோட்டரும் உன் தங்கச்சியின் கல்யாணமும்

அன்பு மச்சான்,

இன்று காலை கணினியில் புதிய மென்பொருள் ஒன்றை ஏற்றினேன். நம்மிடம் இருந்த அதே பழைய சிந்தசைசர் வாத்தியம்தான். மரச்சட்டம், கறுப்புக் குமிழ்கள், எல்லாம் திரையில் படமாக இருக்கின்றன. ஒலியும் அதே ஒலி. கூடுதலாக ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள். அதைத் திருப்பினால் கருவிக்கு வயதாகி, சுருதி தள்ளாடத் தொடங்குகிறது. தனியாக இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். நீயும் நானும் பதினொரு நாள் மாரடித்த வேலை அது.

சமாதானம் முறிந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம். நம் ஊர்த் துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரன் ஒருவனிடம் உன் அப்பா வாங்கிய சிந்தசைசர் உங்கள் வீட்டு முன்னறையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நம் கோஷ்டி நிலாவெளியிலிருந்து கந்தளாய் வரை கல்யாண வீடுகளில் வாசித்தது. உப்புக்காற்று கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்று, ஒருநாள் வாயே திறக்காமல் செய்துவிட்டது. அந்த நேரம் பார்த்து உன் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கனடா. கல்யாணம் முடிந்த கையோடு அவளும் போய்விடுவாள். நாடு இருந்த இருப்பில், எப்போது திரும்பி வருவாள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. வரவேற்புக்கு மண்டபத்துக்குள் நுழையும்போது, பின்னேரங்களில் நீ வீட்டில் வாசிக்கும் அந்தக் குழல் போன்ற ஒலி கேட்க வேண்டும். வேறு நகைநட்டு எதுவும் உன்னிடம் வேண்டாம் என்றாளாம். அதைச் சொல்லும்போது உன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கொழும்பிலிருந்து ஒரு சீடியில் அந்தக் கருவியின் மென்பொருளை எடுப்பித்து என் கணினியில் ஏற்றி, வாசிக்க ஒரு சின்னக் கீபோர்டையும் கொழுவினோம். ஒவ்வொரு ஒலிக்கும் எந்தக் குமிழ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நீ ஒரு கொப்பியில் வட்டம் வட்டமாக வரைந்து வைத்திருந்தாய். அதைப் பார்த்து மயிரிழை பிசகாமல் திருப்பினேன். வந்தது கொசு இரைச்சல். நான்கு நாள் மென்பொருளைத் திட்டித் தீர்த்தோம். ஐந்தாம் நாள், செத்த கருவியைத் துடைக்கப்போன நீ ஒரு குமிழைப் பார்த்தபடி நின்றுவிட்டாய். ஒலியின் கூர்மையைக் குறைக்கும் குமிழ் அது. எப்போதோ உடைந்தபோது பழைய ரேடியோவிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டியிருந்தாய், அதுவும் அதன் கோடு வேறு பக்கம் பார்க்கும்படி கோணலாக. கொப்பியில் நீ பயபக்தியோடு வரைந்து வைத்ததெல்லாம் அந்த ரேடியோக் குமிழ் சொன்ன பொய். நிலத்தில் குந்தியிருந்து நாம் சிரித்த சிரிப்பில் உன் அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

கூர்மையைச் சரிசெய்ததும் ஒலி வந்துவிட்டது. ஆனால் நீ தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாய். எல்லாம் சரியாக இருக்கிறது, அதுதான் பிழை என்றாய். எனக்கு விசர் பிடித்தது. பத்தாம் நாள் பின்னேரம் பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டரைப் போட்டார்கள். முன்னறை விளக்கு மங்கியது. நீ என் கையைப் பிடித்து, செத்த கருவியைக் காட்டினாய்.

"மச்சான், மோட்டர். கரண்ட் குறைஞ்சால் இவர் இறங்குவார்."

உண்மைதான். மின்சாரம் குறையும்போதெல்லாம் பழைய கருவியின் சுருதி சற்றே தொய்ந்து, பிறகு மெல்ல ஏறும். அவள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது அதைத்தான். மறுநாள் முழுக்க இருந்து அந்தத் தொய்வை மென்பொருளில் உண்டாக்கினோம். கூட்டினால் ஒலி நோயாளி மாதிரி முனகியது. குறைத்தால் இருந்த இடம் தெரியவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய், நான் திருப்பினேன்.

ஊரடங்குக்குப் பயந்து வரவேற்பைப் பகலிலேயே வைத்தார்கள். வழியில் ராணுவக் காவலரணில் கணினிப் பெட்டியைக் கழற்றிக் காட்டச் சொன்னதில் நேரம் போய்விட்டது. நாம் வயர்களைக் கொழுவி முடிக்கவும் அவள் மாப்பிள்ளையோடு வாசலுக்கு வரவும் சரியாக இருந்தது. நீ வாசித்தாய். அவள் நாலடி வைத்திருப்பாள், சுருதி தொய்ந்து ஏறியது. அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மாப்பிள்ளையின் காதுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தபடி கண்ணைத் துடைத்தாள். என்ன சொன்னாள் என்று பிறகு அவரிடம் கேட்டோம். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பக்கத்து வீட்டில தண்ணி இறைக்கினம் எண்டு சொன்னவ."

நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

பல வருடம் கழித்து நீ கண்ணை மூடியபோது, உன் செத்தவீட்டுக்கு அவளால் வந்து சேர முடியவில்லை. தொலைபேசியில் அந்த ஒலியை மட்டும் அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். நீ இல்லாதது கவலைதான், ஆனால் உன்னை நினைக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. இப்போது நான் நாடகங்களுக்கும் விளம்பரங்களுக்கும் ஒலி செய்து பிழைக்கிறேன். வருகிறவர்களிடம் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று நான் முதலில் கேட்பதில்லை. யார் கேட்கப் போகிறார், அவர் எந்த வீட்டில் வளர்ந்தவர் என்றுதான் கேட்கிறேன். பலர் விழிப்பார்கள். சொல்லத் தெரிந்தவர்களுக்கு என் வேலை தவறியதில்லை. உன்னிடமிருந்து எனக்கு வந்த சொத்து இவ்வளவுதான் மச்சான். எனக்கு இதுவே போதும்.