தையலறையில் தொங்கும் இலைகள்

ஆகஸ்ட் 4

மொட்டை மாடியில் அண்ணன் வளர்ப்பது பூச்செடி இல்லை. புகையிலை. இன்றுதான் தெரிந்தது.

அண்ணனுக்கு நுரையீரலில் பாதி போய்விட்டது, இனி ஒரு சிகரெட்கூடக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் தெருவில் உள்ள ஒவ்வொரு கடைக்காரரிடமும் போய்க் கெஞ்சினேன், இவருக்கு மட்டும் விற்காதீர்கள் என்று. பெரிய கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அவரோ பெயிண்ட் வாளிகளில் மண் நிரப்பி விதைத்துவிட்டார். கூட பஸ் ஓட்டிய யாரோ கொடுத்த விதையாம். தினமும் தண்ணீர் ஊற்றியது என் மனைவி! பூ பூத்த அன்று, "உங்க அண்ணனுக்கு இப்பதான் நல்ல புத்தி வந்திருக்கு" என்று கண் கலங்கியவள். இன்று அவள் தண்ணீர் ஊற்றவில்லை.

ஆகஸ்ட் 6

பிடுங்கி எறிந்துவிட்டு மறுவேலை என்று மாடிக்குக் கிளம்பினேன். அண்ணன் பின்னாலேயே ஏறி வந்து பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எறியறதுன்னா எறிடா. உன்னத் தடுக்க என்னால முடியுமா?"

சின்ன வயதில் என் இரண்டு கையையும் ஒரே கையால் பிடித்து முறுக்கியவர். நான் எறியவில்லை. பழுத்த அடியிலைகளைப் பறித்துக்கொண்டு இறங்கினேன்.

ஆகஸ்ட் 9

இலைகள் என் தையலறையில் தொங்குகின்றன. இடம் அவர் தேர்ந்தெடுத்தது.

"வெயில்ல போட்டா பச்சையாவே மொறுமொறுன்னு ஆயிடும். நிழல்ல, காத்தோட, கொஞ்சம் ஈரத்தோட மெதுவா காயணும். உன் இஸ்திரிப் பெட்டி ஆவி இருக்கே, அது போதும்."

ஊசி என்னுடையது, பட்டன் நூல் என்னுடையது, காம்பில் குத்திக் கோத்ததும் நான். ஒன்றும் அறுந்து விழவில்லை, என் வேலை அப்படி. சனியன், இதில் பெருமை வேறு.

ஆகஸ்ட் 17

கோட்டு வாங்க வந்த பேங்க் மேனேஜர் முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன டைலர், நான் விட்டுட்டேன், என் கோட்டு ஆரம்பிச்சிடுச்சா?" என்றார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், மேனேஜர் கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்.

ஆகஸ்ட் 18

இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அழகாக இருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஆகஸ்ட் 26

"காயப் போட்டுட்டீங்க, சரி. காஞ்சதுக்கு அப்புறம்?" என்று மனைவி கேட்டாள்.

காய்கிறவரை அவர் புகைக்கமாட்டார், அதுதான் என் கணக்கு. காலையில் எழுந்ததும் வந்து காம்பை வளைத்துப் பார்க்கிறார், இன்னும் ஆகலை என்று போய்விடுகிறார். பொறுமையாகக் காத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 29

மேலே மிச்சமிருந்த இலைகளையும் பறிக்கச் சொன்னார். பறித்தேன். அவர் மதியம் தூங்கும்போது அவற்றை மாடியில் நல்ல வெயிலில் விரித்தேன். இதெல்லாம் பாழாகட்டும், மனம் வெறுத்து விட்டுவிடுவார். கீழே மஞ்சளாகித் தொங்குபவற்றையும் கொண்டுபோயிருக்கலாம். கை வரவில்லை.

செப்டம்பர் 1

பச்சையாகவே காய்ந்துவிட்டன. தொட்டால் நொறுங்குகின்றன. "அடடா, வீணாப்போச்சே" என்றார், அவ்வளவுதான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 3

ஆஸ்பத்திரி. கைக்குட்டையெல்லாம் ரத்தம்.

வீணாய்ப்போன இலையைத்தான் புகைத்திருக்கிறார். நான் துணி வெட்ட அளவு வரையும் தாளைக் கிழித்து அதிலேயே சுருட்டியிருக்கிறார். நல்ல இலைக்காகக் காத்திருந்த மனுஷன். கெட்டதுக்கு எதுக்குக் காத்திருக்கணும்? அதைக் கெடுத்தது யாரு? நான்தானே — டேய், என்னத்தடா சாதிச்ச நீ?

செப்டம்பர் 5

துணி மாற்ற வீட்டுக்கு வந்தேன். தையலறையில் புழுக்கம். இலையில் பூஞ்சை பிடித்துவிடுமே என்று ஜன்னலைத் திறந்துவிட்டு, பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

செப்டம்பர் 12

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"இனிமே எதுக்கும் தடை போடாதீங்க. ஆசைப்பட்டதைக் குடுங்க."

"ஒண்ணுகூடக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

அவர் மேஜையைப் பார்த்தார். நான் விடாமல் கேட்டேன் — "இப்பவும் கூடாதுன்னு சொல்லுங்க சார், நான் பாத்துக்கறேன்."

செப்டம்பர் 13

இன்று ஒன்றும் தைக்கவில்லை.

செப்டம்பர் 27

வளைத்ததும் காம்பு பட்டென்று ஒடிந்தது, காய்ந்துவிட்டது. இலைகள் நல்ல பழுப்பு நிறம். இஸ்திரிப் பெட்டி ஆவியைக் காட்டியதும் துணிபோலத் துவண்டன. "குடுத்துடுங்க" என்று சொன்னது என் மனைவிதான். தீப்பெட்டியையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அண்ணன் படுத்தபடியே ஓர் இலையை வாங்கி விரல்களால் தடவினார். முகர்ந்தார்.

"நல்லா வந்திருக்குடா. எனக்குக்கூட இவ்வளவு நல்லா வராது."

"சுருட்டித் தரட்டுமா அண்ணே?"

முட்டாளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "பைத்தியமா உனக்கு? இப்பப் புடிச்சா தொண்டையக் காறும். அழுத்தி டப்பால போட்டு மூடி வை. அடுத்த வருஷம் எடுத்தாதான் ருசி."

மனைவி சமையலறைக்குப் போய்விட்டாள். பிஸ்கட் டப்பாவில் அடுக்கி, அழுத்தி, மூடினேன். மூடியில் தேதி போடச் சொன்னார். கையிலிருந்த தையல் சாக்குக்கட்டியால் எழுதிக் காட்டினேன்.

"அது அழிஞ்சிடும்டா. அடுத்த வருஷம் வரைக்கும் நிக்க வேணாமா? பேனாவால எழுது."

பேனாவால் எழுதினேன்.