உன் படுக்கையறையில் காய்ந்த கண்ணாடிகள்

இன்று காலை பூச்சுக் கரைசல் டப்பாவைத் திறந்ததும் ஆல்கஹால் நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. வெளியே மழை. மலை உச்சி மேகத்துக்குள் போய்விட்டது. நீ இறந்தபிறகு வரும் முதல் கார்த்திகை. அதனால்தான் எழுதுகிறேன், அழுவதற்காக இல்லை.

நம் முதல் வேலையும் இப்படி ஒரு மழையில்தான் வந்தது. சோலார் பலகைக் கண்ணாடியில் படும் வெளிச்சம் திரும்பிப் போகாமலிருக்க மெல்லிய சோல்-ஜெல் பூச்சு போட வேண்டும், அதாவது கரைசலில் முக்கி, காயவைத்து, சுட்டு இறுக்கும் பூச்சு. மாதிரி தேறினால் ஆர்டர். இல்லாவிட்டால் வேங்கிக்காலில் நாம் போட்டிருந்த ஷெட்டைப் பூட்டிவிட்டு நான் சென்னைக்கும் நீ கீழ்பென்னாத்தூர் நிலத்துக்கும் போக வேண்டியதுதான். கரைசலில் முக்கி எடுத்த கண்ணாடியெல்லாம் பால் ஊற்றியதுபோல வெளுத்தது. ஆல்கஹால் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்துபோகும். ஈரக்காற்றிலிருக்கும் நீர் அதன்மேல் படிந்துவிடும். இருவரும் சேர்ந்து படித்ததுதான். படித்தது மழையை நிறுத்தவில்லை.

"ஏசி ரூம் ஒண்ணு இருந்தா போதும்டா," என்றேன்.

நீ தலையைச் சொறிந்தாய். "இருக்கு மச்சான். என் பெட்ரூம்."

உனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மாமனார் சீராகக் கொடுத்த ஏசி. கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கரைசல் தொட்டியை வைத்தோம். உன் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கதவருகில் நின்றார்.

"ஏங்க, எங்கப்பா ஏசி வாங்கிக் குடுத்தது எனக்கா, இந்தக் கண்ணாடிக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான். கண்ணாடி கேள்வி கேக்காது, அவ்ளோதான்."

"அண்ணா, இவரையும் சேத்து முக்கி எடுங்க. கொஞ்சமாச்சும் பளபளன்னு ஆவட்டும்."

கண்ணாடிகள் தெளிவாக வந்தன. உடனே ஓவனில் ஏற்றிவிடலாம் என்றேன். நீ விடவில்லை.

"மேலதான் காஞ்சிருக்கு. உள்ள ஈரம் ஜாஸ்தி. இப்போ சூடு குடுத்தா சுருங்கி, ஏரி மண்ணு மாதிரி வெடிச்சுடும்."

"தெரியும்டா. நாளைக்கு மத்தியானம் மாதிரி பாக்க கம்பெனி ஆளு வரான்."

"வரட்டும். டீ குடுப்போம்."

ஓவன் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து நிதானமாக போண்டா தின்றாய். உன்னைத் தூக்கி வெளியே போடலாமா என்றிருந்தது எனக்கு. மறுநாள் காலைதான் கண்ணாடிகளை உள்ளே வைத்தாய். சூட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினாய். வந்தவர் காத்திருந்து, டீயும் குடித்து, கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளுப்பும் இல்லை, விரிசலும் இல்லை. ஷெட் பிழைத்தது.

இப்போது ஈரத்தை உறிஞ்சும் மெஷினோடு தனி அறை கட்டிவிட்டோம். இப்படிப்பட்ட அடைமழையில் அதுவும் திணறுகிறது. உன் இடத்தில் உன் மனைவி இருக்கிறார். பூச்சு போடுவது, என்னைத் திட்டுவது, இரண்டிலும் குறை வைப்பதில்லை.

சற்றுமுன் ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார்.

"இன்னுமா காயல? ஹீட்டர் போட்டு வேகமா முடிங்க சார். சாயங்காலம் வண்டி அனுப்பறேன்."

"காத்து ஈரமா இருக்கு. நாளைக்குத்தான்."

"அவசரம் சார்."

"அவசரம்னா வெடிச்சதத்தான் தரணும். பரவால்லியா?"

முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் உன் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "அண்ணா, இத சொன்னது நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போனார்.

எனக்குப் பொறுமை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கண்ணாடிக்கு எதிரே காலை ஆட்டிக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் உட்கார்ந்திருக்கிறேன்.